20 மீட்டர் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்: எட்டு மாதம் மண்டபங்களில் ஓட்டிய பிறகு

கல்யாண மண்டபங்களில் லைவ் வீடியோ போடுவது என் தொழில். மணமேடைக்குப் பக்கத்தில் ஸ்விட்சர் (கேமராக்களில் எந்தப் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிடும் பெட்டி), ஹாலின் மறுகோடியில் புரொஜெக்டர், நடுவில் படத்தைக் கொண்டுபோகும் 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். முன்பு அந்த இடத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு செம்புக் கேபிள் வைத்திருந்தேன். முதலில் படத்தில் மின்மினி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன, இருட்டான காட்சிகளில் நன்றாகத் தெரியும். அப்புறம் ஒரு முகூர்த்தத்தில், கெட்டிமேளம் முழங்குகிறது, திரையில் படமே இல்லை. மூன்று விநாடி இருக்கும். திரும்பி வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் திரையை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருந்தார், அவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

புரொஜெக்டரை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு ஒப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் படம் போட்டு ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தினேன். பின்னால் படம் முழுக்கப் புள்ளி, மேலே மெனு எழுத்துகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. மெனுவை புரொஜெக்டரே உருவாக்குகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. எனவே மெனு சுத்தமாக இருந்து படம் மட்டும் கெட்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் அதற்கு முன்னால் இருக்கிற பெட்டிகளையும்தான். மெனுவிலும் அதே புள்ளி, அதே நிறக் கெடுதல் இருந்தால் கோளாறு புரொஜெக்டருக்குள். தயவுசெய்து இதைப் பார்க்காமல் போர்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

1080பி (முழு எச்டி), நொடிக்கு 60 பிரேம் என்றாலே நொடிக்கு நாலரை கிகாபிட்டுக்குக் கிட்ட ஓடுகிறது. சாதாரண செம்புக் கம்பியில் 10 மீட்டர் தாண்டினால் அது தள்ளாடத் தொடங்கும். அதனால்தான் ஆப்டிகல் கேபிளுக்கு மாறினேன், இதில் படம் கண்ணாடி இழைகளில் ஒளியாகப் போகிறது. மாட்டிய அன்றே புள்ளி போனது, எட்டு மாதத்தில் ஒருமுறைகூடப் படம் கறுக்கவில்லை. பழைய கேபிளில் கால்பங்குகூடக் கனமில்லை, பையில் அடங்கிவிடுகிறது.

ஆனால் நிறக் கோளாறு எல்லாவற்றையும் இது தீர்க்கும் என்று வாங்காதீர்கள். புதுக் கேபிள் போட்ட இரண்டாவது வாரமே அரக்குக் கூறைப்புடவை திரையில் வேறு நிறத்தில் தெரிந்தது, முகமெல்லாம் பச்சையும் ரோஸுமாக இருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், பலனில்லை. நிறத்தைச் சிக்னலில் எழுதும் முறைக்குக் கலர் ஸ்பேஸ் என்று பெயர்; ஸ்விட்சர் ஒய்யுவி (வெளிச்சம் தனி, நிறம் தனி) முறையில் அனுப்புகிறது, புரொஜெக்டரில் யாரோ அதை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் போட்டதும் அரக்கு அரக்காக வந்தது. மணப்பெண்ணின் கூந்தல் சாம்பலாக வெளிறித் தெரிந்தால் அதே மெனுவில் எச்டிஎம்ஐ ரேஞ்சைப் பாருங்கள்: கறுப்பிலிருந்து வெள்ளை வரையான வெளிச்ச அளவை வீடியோ கருவிகள் பெரும்பாலும் 16 முதல் 235 வரையான எண்களில் அனுப்பும், புரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு கறுப்பாக இருக்காது.

குறைகளும் உண்டு. இது ஒருவழிக் கேபிள். ஒரு தலையில் சோர்ஸ், மறுதலையில் டிஸ்ப்ளே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், மாற்றிச் செருகினால் படமே வராது. அவசரத்தில் பையன்கள் மாற்றிவிடுகிறார்கள் என்று ஸ்விட்சர் பக்கத்துத் தலையில் சிவப்பு டேப் சுற்றிவிட்டேன். தலைக்குள் சிக்னலை ஒளியாக்குகிற சிப்புக்கு மின்சாரம் சிக்னல் அனுப்பும் கருவியிலிருந்துதான் வர வேண்டும், என் பழைய லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் படம் விட்டு விட்டு வருகிறது, ஸ்விட்சர் வழியாகப் போட்டால் சரியாக இருக்கிறது. மடித்தாலோ, நாற்காலிக் கால் ஏறினாலோ உள்ளே இழை முறிந்துவிடும், அப்புறம் ஒட்டுப்போட வழியில்லை, முழுக் கேபிளும் குப்பைதான். நடைபாதையைக் கடக்கிற இடத்தில் ரப்பர் பட்டை போட்டு மூடுங்கள், முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள்.

விலை நாலாயிரத்துச் சொச்சம். 10 மீட்டருக்குள் வேலை முடிகிறவர்களுக்கு நல்ல செம்புக் கேபிளே போதும். என்னை மாதிரி தூரம் இழுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், இரண்டாவதாக ஒன்று எடுத்து வண்டியில் போட்டிருக்கிறேன்.