பழைய மவுண்டன் பைக்கில் கியர் ஷிஃப்டரும் கேபிளும்: மறுபடி பூட்டி நாள்பட ஓட்டினால் தெரிபவை

பழைய 3×7, 3×8 (முன்னால் 3, பின்னால் 7 அல்லது 8 பல்சக்கரம்) மவுண்டன் பைக்கில் கியர் ஒழுங்காக விழவில்லை என்றால் முதல் பழி கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டர் மேல்தான் விழும். பெரும்பாலும் அது வீண்பழி. ஷிமானோவின் அலிவியோ, எஸ்டிஎக்ஸ், டியோர் எல்எக்ஸ் வரிசையில் வந்த, லீவரைத் தட்டிக் கியர் மாற்றும் பழைய ராபிட்ஃபயர் ஷிஃப்டர்கள் லேசில் சாகாதவை. உள்ளே தயாரிப்பிலேயே வைத்த கிரீஸ் இறுகிப் போயிருக்கும், அவ்வளவுதான். லீவருக்குப் பின்னால் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதைப் பல்லுக்குள் தள்ளிவிடும் ஸ்பிரிங் மயிரிழை போல மெல்லியது. இறுகிய கிரீஸில் கொக்கி ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்பிரிங்குக்கு அதை அசைக்கத் தெம்பு போதாது. லீவரைத் தள்ளினால் எதிலும் பிடிக்காமல் சும்மா போய்ச் சும்மா வரும்.

இதற்கு ஷிஃப்டரைப் பிரிக்கத் தேவையில்லை, பிரிக்கவும் கூடாது. உள்ளே ஸ்பிரிங்குகள் அடுக்கி முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்று தெறித்தால் எந்த வரிசையில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். கேபிளை உருவிவிட்டு, அடிமூடியை மட்டும் கழற்றி, ஊடுருவும் எண்ணெய் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்துச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பிறகு இரண்டு லீவரையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தால் பழுப்பு நிறக் குழம்பு வழியும். நிறம் மாறித் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்: கிளிக் சத்தம் திரும்பியதும் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். ஸ்பிரே பழைய கிரீஸைக் கழுவுமே தவிர, அந்த இடத்தில் நிலைத்து நிற்கும் உயவு எதையும் வைக்காது. உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் சில சொட்டு கொக்கிகள் மேல் விட்டால்தான் நாள்பட நிற்கும். கெட்டி கிரீஸ் வேண்டாம். பழைய கதையே திரும்ப வரும்.

கைப்பிடியைத் திருகும் கிரிப் ஷிஃப்ட் வகை வேறு. அதைத் தைரியமாகப் பிரிக்கலாம், உள்ளே பாகங்கள் குறைவு. ஆனால் உடல் முழுக்க பிளாஸ்டிக் என்பதால் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, சிலிகோன் கிரீஸ் மட்டுமே.

ஷிஃப்டர் பிழைத்ததும் கவனம் போகவேண்டிய இடம் அவுட்டர், அதாவது கேபிளின் வெளியுறை. உள்ளே ஓடும் கம்பிதான் இன்னர். இன்னரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய அவுட்டரையே வைத்துக்கொள்வதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. கியர் அவுட்டர் 4 மி.மீ. தடிமன், உள்ளே எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதனால் இழுத்தால் சுருங்காது. பிரேக் அவுட்டர் 5 மி.மீ., அதில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் அது கொஞ்சம் அமுங்கி, ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற இன்டெக்ஸ் எங்கும் நேராக நிற்காது. திருப்பிப் போடுவது இன்னும் மோசம்: கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் வாய் பிளந்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். இன்னரும் அப்படியே. ஷிமானோ கியர் இன்னர் 1.2 மி.மீ., பிரேக் இன்னர் 1.6 மி.மீ.

அவுட்டரைச் சாதாரணப் பிளையரால் வெட்டினால் வாய் நசுங்கும், உள்குழாய் அடைபடும். கேபிள் கட்டரால் ஒரே அழுத்தாக வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, அடைபட்ட உள்குழாயைக் கூரான ஊசியால் வட்டமாகத் திறந்துவிட வேண்டும். வெட்டும்போது பழைய இன்னர் ஒரு துண்டை உள்ளே விட்டு, இரண்டையும் சேர்த்து வெட்டினால் உள்குழாய் அவ்வளவாக நசுங்காது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஃபெரூல் (முனையை மூடும் சின்னத் தொப்பி) கட்டாயம். பிளாஸ்டிக் ஃபெரூல் மலிவு, துருப்பிடிக்காது. ஆனால் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பின் டீரெய்லருக்குள் நுழையும் முனையில் காலப்போக்கில் கம்பிகள் அதைத் துளைத்து வெளியே வந்துவிடும். அங்கு மட்டுமாவது உலோக ஃபெரூல் போடுவது நல்லது.

பின் டீரெய்லருக்குப் போகும் கடைசி வளைவுதான் எல்லாவற்றிலும் சிக்கலான துண்டு. சுமார் 30 செ.மீ. என்று தொடங்கி, ஃபிரேமுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். குட்டையாக வெட்டினால் அட்ஜஸ்டர் (கேபிள் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வாயில் மடிந்து இன்னரைக் கடிக்கும். நீளமாக விட்டால் உராய்வு கூடும், செடிகொடியிலும் மாட்டும். சேறும் தண்ணீரும் முதலில் தங்குவது இங்கேதான். மற்ற துண்டுகள் நன்றாக இருக்கும்போதே இதை மட்டும் தனியாக மாற்ற நேரும், எனவே கொஞ்சம் அவுட்டரை மிச்சம் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இன்னரைக் கோர்க்கும் முன் ஷிஃப்டரை முழுக்கத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிளிக் வருவது நிற்கும்வரை விடுவிக்கும் லீவரைத் தட்டினால் போதும். அப்போதுதான் உள்ளே உருளையும் வெளித்துளையும் நேர்கோட்டில் வரும். துளையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் திருகின் தலை எளிதில் மழுங்கும், சரியான அளவு ஸ்குரூடிரைவர் வேண்டும். புதிய இன்னரின் நுனி பிரிந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். ஓர் இழை ஷிஃப்டருக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் சிக்கினால், நன்றாக இருந்த ஷிஃப்டரும் கெட்டது. நுனியில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு உலரவைத்தால் பிரியாது. ஸ்டெயின்லெஸ் இன்னரே போடுங்கள். கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசியது) மழைக்காலம் தாண்டுவதற்குள் உள்ளே பொரிந்துவிடும். உள்குழாய் உள்ள அவுட்டருக்குள் கெட்டி கிரீஸ் பூச வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும்.

டீரெய்லரில் கட்டும் முன் அட்ஜஸ்டர்களை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்து வைக்கவும். செயின் சின்னப் பல்சக்கரத்தில் இருக்க, இன்னரைக் கையால் இழுத்துப் பிடித்து, போல்ட்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். போல்ட்டின் கீழே இன்னருக்கென்று ஒரு பள்ளம் இருக்கும், அதில்தான் இன்னர் படுக்க வேண்டும். தப்பான பக்கம் மாட்டினால் இழுக்கும் விகிதமே மாறும். இரண்டு முனைக் கியரும் சரியாக விழும், நடுவில் மட்டும் குழப்பம். எவ்வளவு டியூன் செய்தாலும் தீராத சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டியதும் ஃபிரேமின் கீழ்க்குழாயோரம் ஓடும் இன்னரைக் கையால் சில முறை அழுத்தி இழுத்துவிட வேண்டும். தளர்வு வரும். கம்பி நீண்டதாகச் சொல்வார்கள். உண்மையில் அவுட்டரும் ஃபெரூலும் இடத்தில் உட்காருகின்றன. மறுபடி இறுக்கிவிட்டால் முதல் வாரத் தொல்லை பாதி குறையும்.

டியூனிங்கில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: எந்தப் பக்கம் போகத் தயங்குகிறது? பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இழுவை குறைவு, அட்ஜஸ்டரை வெளியே அரைச் சுற்று. சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் இழுவை அதிகம், உள்ளே அரைச் சுற்று. இரண்டு பக்கமும் தயங்கினால் அட்ஜஸ்டரைத் தொடவே வேண்டாம். அது உராய்வு: வளைந்த அவுட்டர், அடைபட்ட உள்குழாய், அல்லது பெடல் அச்சுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் வழிகாட்டியில் காய்ந்த சேறு. டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருந்தாலும் எந்த டியூனிங்கும் பலிக்காது. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு இணையாகத் தெரிய வேண்டும். டீரெய்லரில் உள்ள எச், எல் திருகுகள் அது இரண்டு ஓரமும் தாண்டிப் போகாமல் எல்லையை மட்டும் காப்பவை, இடையில் உள்ள கியர்களுக்கு அவற்றால் ஆவது எதுவுமில்லை. முன் டீரெய்லரில் வெளித்தகடு பெரிய தட்டின் பற்களுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், தட்டுக்கு இணையாக இருந்தால் போதும்.

அவுட்டர் முனையைத் தாங்கும் ஸ்டாப்பர் பிளவோடு உள்ள ஃபிரேம் என்றால் பராமரிப்பு சுலபம். செயினைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிட்டு, பெடலைச் சுற்றாமல் ஷிஃப்டரை மட்டும் கடைசிவரை விடுவித்தால் இன்னர் தளர்ந்து தொங்கும். அவுட்டரைப் பிளவு வழியே வெளியே எடுத்து, வழித்து, இன்னரைத் துணியால் துடைத்து மறுபடி மாட்டிவிடலாம். ஓர் ஆலன் கீ கூட வேண்டாம்.

நன்றாக ஓடிய கியர் வாரத்துக்கு வாரம் விலகி, அட்ஜஸ்டரைத் தொடர்ந்து வெளியே திருக நேர்ந்தால், இன்னர் ஷிஃப்டருக்குள் குண்டுக்கு (இன்னரின் முனையில் உள்ள உருண்டைத் தலைக்கு) பக்கத்தில் இழை இழையாக அறுகிறது என்று பொருள். உடனே மாற்றிவிடுங்கள். முழுக்க அறுந்தால் குண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தத்தில் சரியாக ஒட்டாது, மெல்லிய கொக்கியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஷிஃப்டர் உண்மையிலேயே போய்விட்டால் பொருத்தம் பார்த்து மாற்றலாம். ஷிமானோ 7 கியரில் பல்சக்கர இடைவெளி 5.0 மி.மீ., 8 கியரில் 4.8 மி.மீ.; மாற்றிப் போட்டால் சமாளிக்கும், சத்தம் கொஞ்சம் இருக்கும். 9 கியரில் அது 4.35 மி.மீ., அங்கே சமாளிப்பு நடக்காது. எஸ்ராமின் 1:1 ஷிஃப்டர் கேபிளை இழுக்கும் அளவே வேறு, ஷிமானோ டீரெய்லரோடு சேரவே சேராது. பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே உடலாக இருக்கும் பழைய மாடலில் இரண்டையும் பிரித்துப் புதிதாக வாங்க நேரும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பழைய கேன்டிலீவர் பிரேக்குக்கு வி-பிரேக் லீவர் வாங்கினால் லீவர் கல் மாதிரி இறுக்கமாகத் தெரியும், ஆனால் பிரேக் சரியாகப் பிடிக்காது. வி-பிரேக் லீவர் கேபிளை அதிகம் இழுக்கும், விசை குறைவாகத் தரும். கேன்டிலீவருக்கென்று உள்ள லீவரைத் தேடி வாங்குங்கள்.