ஸ்பிரிங்ஸ்டீனின் இரண்டாவது ஆல்பத்தோடு 17 வருடம்

முதல் முறை கேட்டபோது எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கவில்லை. 2007-ல் வேலைக்காக நியூஜெர்சி வந்து எடிசனில் குடியேறியிருந்தேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஜெர்சி கடற்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை நான் கேட்பேன் என்று தெரிந்ததும் மறுநாளே ஒரு சிடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 'தி வைல்ட், தி இன்னசென்ட் அண்ட் தி ஈ ஸ்ட்ரீட் ஷஃபிள்', 1973. "ஊருக்குள் வந்துவிட்டாய், இனி ஊர்க்காரர்கள் கேட்பதைக் கேள்" என்றார்.

எனக்கு அதுவரை ஸ்பிரிங்ஸ்டீன் என்றால் கல்லூரி விடுதியில் தேய்ந்துபோன இரண்டு கேசட்டுகள்தான்: 'பார்ன் டு ரன்', 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' சுவர் மாதிரி எழும்பி நிற்கும் சத்தம், இடி மாதிரி டிரம்ஸ். அதே ஆள், அதே பேண்ட் என்று நம்பி இதைப் போட்டால், ஆரம்பத்திலேயே தாறுமாறாகச் சில ஊதுகருவிகள், கல்யாண வீட்டில் கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற மாதிரி. அப்புறம் ஒரு ஆட்டம்போடும் ஃபங்க் தாளம். டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் மெலிசாகக் கேட்டது. ஏழே பாட்டு. அதில் நான்கு பாட்டுகள் ஏழு நிமிடத்தைத் தாண்டும், கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம். இரண்டு தடவை கேட்டுவிட்டு சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த முதல் அபிப்பிராயம் எனக்கு மட்டும் உரியதல்ல என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்த ஆல்பத்தில் வந்து சண்டை நிற்கும். அவருடைய உச்சமே இதுதான் என்று ஒரு கட்சி. சரியாகப் பதிவு செய்யப்படாத முன்னோட்டம், அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்க நியாயமும் எனக்குத் தெரியும்.

1973-ல் அவருக்கு இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஜனவரியில் 'கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க்', நவம்பரில் இது. இரண்டுமே வந்தபோது விற்கவில்லை. 'பார்ன் டு ரன்' வெளிவந்து ஊரே அவரைத் திரும்பிப் பார்த்த 1975-ல்தான் இவை அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டுக்குள் நுழைந்தன. இந்த ஆல்பம் தொட்ட உயரம் 59-ஆம் இடம். ஆக, பெரும்பாலானவர்கள் என்னைப் போலவே பின்வாசல் வழியாக, அடுத்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் இதற்குள் வந்தார்கள். பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சத்தம் மெலிசு என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பதிவு நடந்தது நியூயார்க் மாநிலத்தில் பிளாவெல்ட் என்ற சிற்றூரில், 914 சவுண்ட் ஸ்டுடியோஸ் என்ற இடத்தில். மேனேஜர் மைக் அப்பலும் ஜிம் கிரெட்டிகோஸும் தயாரிப்பாளர்கள். மே முதல் செப்டம்பர் வரை, ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டே இடையிடையே பதிவு செய்தார்கள். மலிவு ஸ்டுடியோ, அதனால் மட்டமான சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 'பார்ன் டு ரன்' என்ற அந்தப் பாட்டும் இதே 914-ல்தான் பதிவானது! அடுத்த வருடம், அதே கட்டடத்தில், ஒரே பாட்டுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கருவிகளை ஏற்றினார்கள். இது தெரிந்த நாளிலிருந்து ஸ்டுடியோமேல் பழி போடுவதை விட்டுவிட்டேன். இந்த ஆல்பத்தில் ஆறு பேர் ஒரு அறையில் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். அது அப்படித்தான் கேட்கும்.

அடுத்தது டிரம்ஸ். சண்டையில் சூடு ஏறுவது இங்கேதான். வாசித்தவர் வினி லோபஸ், 'மேட் டாக்' என்று பட்டப்பெயர். 1974 பிப்ரவரியில் பேண்டிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு எர்னஸ்ட் கார்ட்டர், அவருக்குப் பிறகு மேக்ஸ் வைன்பர்க். வைன்பர்கின் நேர்கோட்டு அடியைக் கேட்டுப் பழகிய காதுக்கு லோபஸ் அலைபாய்வதாகத் தோன்றும். நியூ பிரன்ஸ்விக்கில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான், மதுரைக்காரன், வார இறுதிகளில் டிரம்ஸ் வாசிப்பவன். அவனிடம் இதைப் போட்டுக் காட்டியபோது பத்து நிமிடத்தில் முகம் சுளித்தான். "மச்சான், இந்த ஆளு தாளத்தைப் பிடிச்சு நிறுத்தவே மாட்டேங்கிறார்டா. இடம் கிடைச்சா ஒரு உருட்டு உருட்டிடறார்."

அவன் சொன்னது சரிதான். லோபஸ் காலி இடத்தைச் சும்மா விடமாட்டார். பாடகர் ஒரு வரியை முடிப்பதற்குள் டாம் டிரம்களில் ஓடிப்போய்த் திரும்பி வருவார். ஆனால் அதே நண்பன் மூன்று வருடம் கழித்துச் சொன்னது வேறு. 'கிட்டீஸ் பேக்' பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்திருக்கிறான். அந்தப் பாட்டு அழுகிற கிட்டாரோடு மெதுவாகத் தொடங்கும், திடீரென்று ஸ்விங் நடைக்குத் தாவும், ஆர்கன் தனியாகப் போகும், அடங்கும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கத்தும்போது மறுபடி வெடிக்கும். "நேரா வாசிச்சா பாட்டு செத்துப்போகுதுடா. அவர் மாதிரி சாஞ்சு சாஞ்சு வாசிச்சாத்தான் நிக்குது." இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. முதல் பாட்டின் அந்தத் தாறுமாறான ஊதலில் கார்னெட் (டிரம்பெட் மாதிரி சின்ன ஊதுகருவி) வாசிப்பதும் லோபஸ்தான். டிரம்ஸ் வாசிப்பவர் கார்னெட்டைத் தூக்குகிறார், பேஸ் கிட்டார் வாசிக்கும் கேரி டாலன்ட் டியூபா என்ற பெரிய ஊதுகருவியைத் தூக்குகிறார். அப்படிப்பட்ட பேண்ட் அது.

என்னை இந்த ஆல்பத்துக்குள் இழுத்தவர் பியானோக்காரர். டேவிட் சான்ஷியஸ். அந்தக் கோடையில் அவருக்கு வயது 19. ஈ ஸ்ட்ரீட் என்ற பெயரே பெல்மார் ஊரில் அவருடைய அம்மா வீடு இருந்த தெருவின் பெயர்தான். 2010 குளிர்காலத்தில் ஒருநாள் ராத்திரி, பனி கொட்டி ரயில்கள் எல்லாம் தாமதம். நியூயார்க் பென் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு, ஹெட்போனில் வேறு எதையோ கேட்டு முடித்து, தற்செயலாகக் கடைசிப் பாட்டான 'நியூயார்க் சிட்டி செரனேட்' ஓடத் தொடங்கியது. பியானோவின் உள்ளே கைவிட்டுத் தந்திகளை விரலால் மீட்டுகிற சத்தம். பிறகு கட்டைகளில் ஒரு பெரிய சரிவு. ரொமான்டிக் காலத்து ஐரோப்பிய இசைபோல் தொடங்கி, எந்த இடத்தில் ஜாஸாக மாறுகிறது என்று பிடிக்க முடியாதபடி மாறுகிறது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பாட்டே தொடங்கவில்லை. அப்புறம் அக்கூஸ்டிக் கிட்டார், ரிச்சர்ட் பிளாக்வெல்லின் காங்கா மேளம், அடங்கிய குரலில் ஸ்பிரிங்ஸ்டீன். பின்னால் வரும் வயலின்களுக்கு இசை அமைத்ததும் சான்ஷியஸ்தான். பிளாட்பாரத்தில் நின்றபடி அந்தப் பத்து நிமிடத்தை மூன்று தடவை கேட்டேன். ரயில் வந்து, கூட்டத்தோடு ஏறி, எடிசனில் இறங்கும்வரை அது என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

'கிட்டீஸ் பேக்' ஆர்கன் தனி வாசிப்பு டேனி ஃபெடரிச்சியுடையது என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஆர்கன்காரர் அவர்தானே! இல்லை, அதுவும் சான்ஷியஸ். 1974 ஆகஸ்டில் அவர் கார்ட்டரையும் கூட்டிக்கொண்டு பேண்டை விட்டுப் போய் 'டோன்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அதோடு இந்த ஜாஸ் வாசனையும் போய்விட்டது. பின்னால் பியானோவுக்கு வந்த ராய் பிட்டன் அபாரமான கலைஞர், ஆனால் அவர் வேறு வழி. 'பார்ன் டு ரன்' ரசிகர்கள் இந்த ஆல்பத்தை அதற்கு ஒத்திகை என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இது இன்னொரு பேண்டின் ஆல்பம். அந்த பேண்ட் இதற்குப் பிறகு இன்னொரு ஆல்பம் போட உயிரோடு இல்லை.

கடைசிப் பாட்டைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றாலும், பழைய இசைத்தட்டுக் கணக்கில் இரண்டாம் பக்கம் முழுக்க மூன்றே பாட்டு: 'இன்சிடென்ட் ஆன் 57த் ஸ்ட்ரீட்', 'ரோசலிட்டா', 'செரனேட்'. இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாக அவர் எதுவும் செய்யவில்லை என்பது என் கட்சி. 'ரோசலிட்டா' விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சியோடு ஒத்துப்போகிறேன். அது மேடைப் பாட்டு. பத்து வருடத்துக்கும் மேல் கச்சேரிகளை முடித்துவைத்த பாட்டு. 1978 ஜூலையில் ஃபீனிக்ஸில் படம்பிடிக்கப்பட்ட ரோசலிட்டாவைப் பார்த்தவர்களுக்கு ஆல்பத்தில் இருப்பது கொஞ்சம் அடக்கமாகத்தான் தெரியும். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோனுக்கு எதிரே ஒரு கூட்டம் வேண்டும். ஸ்டுடியோவில் அது இல்லை.

முதல் பக்கத்தில் 'வைல்ட் பில்லிஸ் சர்க்கஸ் ஸ்டோரி'தான் எல்லோரும் தாண்டிப்போகிற பாட்டு. டியூபா, அக்கார்டியன், சர்க்கஸ் கூடாரத்து மனிதர்கள். எனக்கு அதன்மேல் இன்னும் பெரிய பிரியம் வரவில்லை. என் மகள் சின்ன வயதில் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள், அதனால் இப்போது தாண்டாமல் கேட்கிறேன்.

'சாண்டி' வேறு கதை. முழுப்பெயர் '4த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க் (சாண்டி)'. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பரி பார்க் முக்கால் மணி நேரம். முதல் தடவை போனபோது, ஸ்பிரிங்ஸ்டீன் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் ஸ்டோன் போனி இசை கிளப் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த கிளப் திறந்ததே 1974 பிப்ரவரியில், இந்த ஆல்பம் வந்த பிறகு. ஆல்பத்தில் இருக்கிற ஊரைப் பார்க்கவேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி மரப்பலகை நடைபாதைக்குப் போகவேண்டும். அங்கே மேடம் மேரியின் குறிசொல்லும் சின்ன அறை இன்னும் இருக்கிறது, சுவரில் பெரிய கண் வரைந்திருக்கும். பாட்டில் வருகிற அதே மேடம் மேரி. 1970 ஜூலையில் இந்த ஊரில் பெரிய கலவரம் நடந்தது, கடைவீதிகள் எரிந்தன, கோடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. மூன்று வருடம் கழித்து 24 வயதுப் பையன் ஒருவன் அந்த ஊருக்கு விடைகொடுத்துப் பாடுகிறான். பாட்டின் பின்னணியில் காற்றுபோல் வருகிற பெண்குரல் சுகி லஹாவ். ஒலிப்பதிவாளர் லூயிஸ் லஹாவின் மனைவி. அட்டையில் அவர் பெயர்கூட இல்லை.

என் மனைவிக்கு இந்த ஆல்பத்தில் பிடித்த ஒரே பாட்டு 'சாண்டி', ஃபெடரிச்சியின் அக்கார்டியனுக்காக. 2008 மார்ச் 20 அன்று, புற்றுநோயோடு இருந்த ஃபெடரிச்சி இண்டியானாபோலிஸ் மேடையில் கடைசியாக ஏறி இதையும் வாசித்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். அந்தக் காணொளியை இவள் பார்த்தாள். "ஏங்க, விரல் ஒண்ணுகூட நடுங்கலையே" என்றாள். அதன்பிறகு எங்கள் காரில் இந்தப் பாட்டு வரும்போது யாரும் பேசுவதில்லை.

எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பழைய சிடி வேண்டாம். என்னிடம் இருந்தது அதுதான், சிம்பல்கள் காதைக் கீறும், பேஸ் இருக்கிற இடமே தெரியாது. 2014-ல் முதல் 7 ஆல்பங்களையும் ஒலிப்பொறியாளர் பாப் லுட்விக்கின் ஒலி மறுசீரமைப்பில் ஒரே பெட்டியாக வெளியிட்டார்கள். அதில் இந்த ஆல்பம்தான் அதிகம் பிழைத்தது என்று சொல்வேன். டாலன்டின் பேஸ் முதல் தடவையாகத் தரையில் கால் ஊன்றியது, லோபஸின் ஸ்னேர் டிரம்முக்குச் சதை வந்தது. சத்தம் மெலிசு என்பவர்கள் எந்தப் பதிப்பைக் கேட்டார்கள் என்று இப்போது முதலில் கேட்டுவிடுகிறேன். பழைய இசைத்தட்டு ஒன்றும் ஒரு கடையில் வாங்கினேன், நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். 'இன்சிடென்ட்' நடுவில் ஊசி துள்ளுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னட்டைக்காக வைத்திருக்கிறேன்: ஒரு வாசலில் ஆறு பேரும் சேர்ந்து நிற்கிற படம்.

2009 நவம்பர் 7 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். எனக்கு அப்போது இதன் அருமை தெரியாது, போகவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ராத்திரியில், ஹெட்போனில். 'இன்சிடென்ட்' முடியும்போது மற்ற எல்லோரும் நிறுத்திவிட, சான்ஷியஸின் பியானோ மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடக்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள். அது ரோசலிட்டாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நிற்கும்.