குரு கா சக் முதல் சக் நானகி வரை: அமிர்தசரஸில் எடுத்த வாடகைக் கார்

அமிர்தசரஸிலிருந்து ஆனந்த்பூர் சாகிபுக்கு வாடகைக் கார் எடுக்கலாமா, பஸ்ஸே போதுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் நானும் என் மனைவியும் போய் வந்தோம். இரண்டு பகல், ஓர் இரவு, வெள்ளை நிற டிசையர். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன டிராவல்ஸ். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்கள் பதில் சொல்ல இங்கே வரப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி, இல்லாவிட்டால் நான் எதற்கு மதிப்பெண் போடுகிறேன் என்பது புரியாது. 32 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்தால் நிற்காமல் போக என்னால் முடியாது. பஞ்சாப் வரைபடத்தை வைத்துக்கொண்டு பயணத்துக்குத் திட்டம் போட்டபோது ஒரே சொல் எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டது: சக். சக் ஹகீம், சக் தேஸ் ராஜ், சக் கலான், சக் குர்த், பட்டிண்டா பக்கம் சக் ஃபதே சிங் வாலா. 'பச்சை'யில் வருகிற அழுத்தமான ச்ச-வோடு அதை உச்சரிக்க வேண்டும். நம் பட்டி, பாளையம் போல அங்கே அது ஊருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறது.

போனில் பேசியபோது, "வழியில் ஏதாவது ஒரு சக் கிராமமும் பார்க்க வேண்டும்" என்று மனைவி இந்தியில் கேட்டாள். அவள் இந்திப் பிரசார சபாவில் விஷாரத் வரை படித்தவள். இந்தப் பயணத்தில் எனக்குக் காதும் வாயும் அவள்தான். எதிர்முனையில் இருந்தவர் "எந்த சக்?" என்று கேட்டுவிட்டு, வண்டி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். காலை ஆறரைக்கு வர வேண்டிய கார் ஏழு பத்துக்கு வந்தது. பனிமூட்டம் என்று காரணம் சொன்னார்கள், மூட்டம் இருந்ததும் உண்மை. ஆனால் ஒரு போன் செய்திருக்கலாம். நாங்கள் இருவரும் பெட்டிகளோடு விடுதி வாசலில் குளிரில் நின்றோம்.

கார் சுத்தம். இருக்கை உறை துவைத்தது. பின் இருக்கையில் இரண்டு பெல்ட்டும் வேலை செய்தன, இதை நான் எப்போதும் இழுத்துப் பார்ப்பேன். ஹீட்டர் நன்றாக இருந்தது. காரைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும். மீதி எல்லாம் டிரைவரைப் பற்றி.

ஐம்பது வயதைத் தாண்டிய சர்தார். என்னை அங்கிள்ஜி, அவளை ஆன்ட்டிஜி என்றார். நாங்கள் அவரை வீர்ஜி என்று கூப்பிட்டோம், அண்ணன் என்று பொருள். வந்து இறங்கியதும் பெட்டியைக் காட்டி, "சமான் சக் லவான்?" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம், இவருக்கு நாம் சக் பார்க்க வந்திருப்பது தெரிந்துவிட்டதா என்று. மனைவிக்கும் புரியவில்லை, அவள் படித்தது இந்தி. சாமானைத் தூக்கட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். பஞ்சாபியில் சக்கணா என்றால் தூக்குவது, எடுப்பது.

ஜண்டியாலா தாண்டியதும் என் கேள்வியை எடுத்தேன். சக் என்றால் என்ன? அவர் அவசரப்படவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார், அதன் வட்டத்தை. குயவர் பானை வனைகிற சக்கரம் சக். கிணறு இறக்கும்போது அடியில் வைக்கிற மரவளையம் இருக்கிறதே, அதன்மேல் செங்கல்லை அடுக்கி உள்ளே இறக்குவார்களே, அதுவும் சக். நாய் கடித்தால் அந்தக் கடியும் சக். வட்டமாக வளைத்துக் கொடுத்த நிலமும் சக். இந்தக் கடைசி அர்த்தத்தைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் 'சக்கரம்' வந்த அதே வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது என்பார்கள். பாரசீகத்தில் சக் என்றால் பத்திரம், உரிமைச் சீட்டு. அளந்து வட்டமிட்ட நிலமா, பத்திரம் எழுதிக் கொடுத்த நிலமா என்று கேட்டால், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பஞ்சாபில் பல நூற்றாண்டு பாரசீகத்தில்தான் நிலக் கணக்கு எழுதினார்கள். வேர் வட்டமாகவே இருந்தாலும், கேட்கிறவர்கள் காதில் இரண்டு அர்த்தமும் சேர்ந்தே ஒலித்திருக்கும் என்பது என் எண்ணம். எப்படியானாலும் சக் என்று ஊர்ப்பெயரில் இருந்தால், ஒரு காலத்தில் யாரோ அந்த நிலத்துக்கு எல்லை போட்டு, யாருக்கோ கொடுத்தார்கள் அல்லது விற்றார்கள் என்று படிக்கலாம். கலான், குர்த் என்பவை பாரசீகத்தில் பெரிது, சிறிது. அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

நாங்கள் புறப்பட்ட அமிர்தசரஸே ஒரு சக்தான் என்பதை அவர்தான் நினைவுபடுத்தினார். நான்காம் குருவான ராம்தாஸ் 1577 வாக்கில் குளம் வெட்டி ஊரை எழுப்பியபோது அதன் பெயர் குரு கா சக். சக் ராம்தாஸ், ராம்தாஸ்பூர் என்றும் சொன்னார்கள். அந்தக் குளம், அமிர்த சரஸ், பிறகு ஊர்ப்பெயராகிவிட்டது. நிலம் வந்த வழிக்கு இரண்டு கதை. துங் கிராமத்துக்காரர்களிடம் 700 ரூபாய்க்கு வாங்கியது என்பது ஒன்று. அக்பர் கொடுத்தது என்பது மற்றொன்று. முந்தின நாள் மாலை நாங்கள் பொற்கோயிலுக்குப் பக்கத்துச் சந்துகளில் நடந்து குரு கே மஹல் குருத்வாராவைப் பார்த்திருந்தோம். குரு ராம்தாஸ் குடும்பம் வாழ்ந்த வீடு இருந்த இடம். ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1621-இல் பிறந்ததும் அங்கேதான். அவர் 1665-இல் சிவாலிக் மலையடியில் பிலாஸ்பூர் அரசகுடும்பத்திடமிருந்து நிலம் வாங்கி ஒரு ஊர் நிறுவினார். தாயார் நானகியின் பெயரை வைத்தார்: சக் நானகி. அதுதான் பிறகு ஆனந்த்பூர் சாகிப் ஆனது. ஒரு சக்கில் பிறந்தவர் இன்னொரு சக்கை உண்டாக்கியிருக்கிறார். நாங்கள் போய்க்கொண்டிருந்த வழி அந்த இரண்டுக்கும் நடுவே என்பது பியாஸ் ஆற்றுப் பாலத்தின்மேல் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்வாராவில் டீ. அங்கே தாபா தேர்வு டிரைவருடையது. நன்றாகவே இருந்தது, பரோட்டாவுக்கு மேல் வெண்ணெய்க் கட்டி வைத்துத் தருகிறார்கள், அதைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறார்கள்.

அங்கிருந்து பங்கா வழியாகக் கட்கர் கலான். பகத் சிங்கின் பூர்வீக ஊர். வீட்டையும் அருங்காட்சியகத்தையும் வீர்ஜி அவசரப்படுத்தாமல் பார்க்க விட்டார், ஒன்றே முக்கால் மணி நேரம். பகத் சிங் பெயரில் இங்கே மாவட்டமே இருக்கிறது, 2008 வரை நவான்ஷஹர் என்று இருந்தது. ஆனால் பகத் சிங் இங்கே பிறக்கவில்லை. தாத்தா அர்ஜன் சிங் இங்கிருந்து லயால்பூர் கால்வாய்க் குடியேற்றத்துக்குப் போனார், இன்று அது பாகிஸ்தானில் பைசலாபாத். 1907 செப்டம்பரில் பகத் சிங் பிறந்தது அங்கே, சக் எண் 105 ஜி.பி., பங்கா என்ற ஊரில். இங்கும் பங்கா, அங்கும் பங்கா.

ஜி.பி. என்றால் கூகேரா பிராஞ்ச், கால்வாயின் கிளை. ஜே.பி. என்றால் ஜங் பிராஞ்ச், ஆர்.பி. என்றால் ரக் பிராஞ்ச். 1892-இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறந்த பிறகு, மேய்ச்சல் காடாகக் கிடந்த 'பார்' பூமியைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். 20 மர்லா ஒரு கனால், 8 கனால் ஒரு கில்லா, 25 கில்லா ஒரு முரப்பா. ஒவ்வொரு ஊருக்கும் பெயருக்குப் பதில் எண். குருமார் காலத்தில் அன்பாகப் பெயரோடு சேர்த்துச் சொன்ன சக், ஆங்கிலேயர் காலத்தில் வெறும் இலக்கமாயிற்று. அந்த நிலத்தின்மேல் கட்டுப்பாடுகள் விதிக்க அரசு கொண்டுவந்த மசோதா 1907-இல் பெரிய கிளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம். பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங் அதில் முன்னின்றார், மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். நிலக் கணக்கு வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மசோதாவின் உட்பிரிவு எத்தனை வீடுகளை உலுக்கும் என்பதை அந்த அருங்காட்சியகத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து காரில் ஏறியதும் வீர்ஜி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தாதாஜியும் பார் பூமிதான்" என்றார். 1947-இல் மாட்டுவண்டியில் புறப்பட்டு வந்த குடும்பம். ஊரின் எண்ணையும் கால்வாய்க் கிளையின் எழுத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அது அவர் வீட்டுச் சொத்து, இங்கே எழுதவில்லை. அதை அவர்கள் 'பிச்லா பிண்ட்' என்கிறார்கள், பின்னால் விட்டு வந்த ஊர். அவர் அங்கே பிறக்கவில்லை, பார்த்ததும் இல்லை. இப்போது குடியிருக்கும் ஊருக்கும் ஹத்பஸ்த் என்று ஒரு வருவாய் எண் உண்டே, அது என்ன என்று கேட்டேன். தெரியாது, பட்வாரியை, அதாவது அந்த ஊர் நிலக் கணக்கரை, கேட்க வேண்டும் என்றார். எந்த ஊர்க்காரரும் தன் ஊரின் வருவாய் எண்ணை மனப்பாடமாகச் சொல்லி நான் பணிக்காலம் முழுக்கக் கேட்டதில்லை. வெறும் இலக்கம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் விடுகிறேன், ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது இலக்கமாக ஒலிக்கவில்லை.

அவருக்கும் எனக்கும் பேச்சு முழுக்க நிலத்தைப் பற்றியே ஓடியது. நம் ஊரில் ஜமாபந்தி என்றால் வருஷா வருஷம் தாலுகாவில் நடக்கும் கணக்குத் தணிக்கை. அங்கே ஜமாபந்தி என்பது உரிமைப் பதிவேடு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஒரே சொல், இரண்டு வேலை. ஊர் வரைபடத்தைத் துணியில் வரைந்து சுருட்டி வைத்திருப்பார்களாம், லட்டா என்று பெயர். கணக்கில் ஊர் இருந்து, ஆள் குடியில்லாவிட்டால் அதற்கு 'பே-சிராக்' என்று எழுதுவார்கள். விளக்கில்லாத ஊர். நம் பதிவேடுகளில் அதைக் குடியற்ற கிராமம் என்று எழுதி முடித்துவிடுவோம். பே-சிராக் என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ரோப்பரில் சட்லெஜைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். 1882-இல் திறந்த சர்ஹிந்த் கால்வாய் அங்கிருந்துதான் பிரிகிறது. ஆனந்த்பூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. குருத்வாராவின் லங்கரில், எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்தில், உட்கார்ந்ததும் ஒரு பெரியவர் "லங்கர் சக்கோ ஜீ" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் டிரைவரைப் பார்த்தாள். இது வேறு சக், மூச்சை விட்டுச் சொல்ல வேண்டும், உண்பது என்று அர்த்தம் என்றார் வீர்ஜி. தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். ரொட்டியை அங்கே பர்ஷாதா என்கிறார்கள், இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும்.

மறுநாள் காலை, 1699-இல் கால்சா என்ற சீக்கிய அமைப்பு பிறந்த கேஷ்கட் சாகிப், பிறகு இங்கேயும் ஒரு குரு கே மஹல். சக் நானகிக்கு அடிக்கல் வைத்த இடம் அது. பிற்பகலில் விராசத்-எ-கால்சா அருங்காட்சியகம், அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி பணம். கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றார்கள். மீட்டரில் 431 ஓடியிருந்தது. ஆனால் நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, 500-க்கு 6,500 ரூபாய், டிரைவர் இரவுப் படி 500, டோல் தனி என்று பில் போட்டார்கள். இந்தக் குறைந்தபட்சக் கணக்கு வெளியூர் வண்டிகளில் வழக்கம்தான். முன்பே சொல்லவில்லை என்பதுதான் என் குறை. நீங்கள் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு ஐந்தில் மூன்று. டிரைவருக்கு ஐந்து, தயங்காமல்.

பில்லுக்கு முன்னால் டிரிப் ஷீட்டில் 'எங்கிருந்து, எங்கே' நிரப்ப வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வீர்ஜி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குருமுகியில் அவராகவே எழுதினார், மனைவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்: குரு கா சக், சக் நானகி. மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எந்த ரூட் என்று கேட்டான். வீர்ஜி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிப்பது போல் இரண்டு கையையும் வட்டமாக வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.