4,300 ரூபாய் ஏர் ஃபில்டரை வாங்கி, 320 ரூபாய் ஃபில்டருக்கே திரும்பிய கதை

வண்டி 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1,197 சிசி, ஓடியது 94,000 கி.மீ. சேலத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு தடவையாவது ஏற்காடு ஏறுவேன். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வரும்போது வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) பண்ணுகிற அளவுக்கு வசதி இல்லை, மொத்த பட்ஜெட்டே 5,000 ரூபாய். அதனால் எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடத்துக்கு நானும் போனேன்.

வாங்கியது, கழுவி எண்ணெய் பூசித் திரும்பப் போடுகிற பருத்தித் துணி ஃபில்டர். 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்டு என் கம்பெனிதான் இதில் பிரபலம், கடையில் இந்த வகைக்கே அந்தப் பேரைத்தான் சொல்கிறார்கள். நான் வாங்கியது அது இல்லை, விலை குறைவான வேறொன்று, பேர் வேண்டாம். 4,300 ரூபாய். கூடவே பின் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரே 5 குதிரைத் திறன் கொடுக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

போட்ட முதல் இரண்டு நாள் பிக்கப் ஏறிவிட்ட மாதிரியேதான் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள் இருந்து ஒரு உறுமல். அப்புறம் நிதானமாக யோசித்தால், அந்த உறுமலைத்தான் நான் பிக்கப் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழகின பைபாஸில், அதே மூன்றாவது கியரில், 40-லிருந்து 80 போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்டாப்வாட்சில் பார்த்தோம். ஐந்து தடவை பார்த்தும் பழைய கணக்கிலிருந்து சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. மைலேஜும் அப்படியே.

ஏன் என்று யோசித்தால் புரியாத விஷயம் இல்லை. இந்த இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 6,000 சுற்று), முழு மிதியில் நிமிஷத்துக்கு சுமார் 3,600 லிட்டர் காற்று இழுக்கும். கம்பெனி கொடுக்கிற பேப்பர் ஃபில்டர் அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டது. நாம் ஊருக்குள் ஓட்டுவது 2,000-ல், கால்வாசி மிதியில். அப்போது காற்றை அடைத்து வைத்திருப்பது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கிற திராட்டில் தகடுதான், ஃபில்டர் இல்லை. திருகுக்குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற பைப்பை அகலமாக்கி என்ன பயன்? அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் இதையே சோதித்தது: இப்போதைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டினாலும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, முழு மிதியில் வேகமெடுப்பது மட்டும்தான் அடி வாங்கியது. அதாவது அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் பலன் உண்டு, சுத்தமான பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு விலை கூடினதைப் போட்டால் ஒன்றும் பெரிதாக நடக்காது.

பலன் இல்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து, ஃபில்டர் உட்காருகிற ஏர் பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டும் போக வேண்டிய ஹோஸுக்குள், வெள்ளைத் துணியைச் சுற்றி விரலை விட்டுத் துடைத்தேன். துணியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. ஓரத்து ரப்பர் ஒரு மூலையில் சரியாக உட்காராமல் நகம் நுழைகிற இடைவெளி இருந்தது. அந்தத் தூசி போகிற இடம் சிலிண்டர் சுவர். 4,300 கொடுத்து இன்ஜினுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலையைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் நண்பன் ஒருவன் தன் பழைய கோன் ஃபில்டரை (பாக்ஸ் இல்லாமல் மாட்டுகிற கூம்பு வடிவ ஃபில்டர்) கொடுத்து, 'பாக்ஸையே தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டுடா' என்றான். ஒரு வாரம் மாட்டினேன். சத்தம் அருமை, அதை மறுக்க முடியாது. ஆனால் ஓபிடியில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் விவரங்களைப் படிக்கிற சாக்கெட்) 900 ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, இன்ஜினுக்குள் போகிற காற்றின் சூட்டைப் பார்த்தேன். வெளியே 35 டிகிரி, ஐந்து ரோட்டு சிக்னலில் நின்றபோது இன்ஜினுக்குப் போன காற்று 60. கம்பெனி பாக்ஸில் அதே நெரிசலில் 44-ஐத் தாண்டவில்லை, ஏனென்றால் அதன் வாய் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. கோன் பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றைக் குடிக்கிறது. 35 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று 7 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைவு, காற்று குறைந்தால் அதற்கேற்ற பெட்ரோலும் குறைவாகத்தான் போகும். குதிரைத் திறனைக் கூட்டப் போய்க் குறைத்த கதை.

கடைசியில் நம்ம மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை. பாக்ஸின் முன்வாய்க் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். வேப்பஞ்சருகு, தேங்காய் நார், எலி கொண்டுவந்து வைத்த ஒரு பஞ்சு உருண்டை. 'தம்பி, வாயை அடைச்சு வெச்சுட்டு மூக்குக்கு வைத்தியம் பார்த்துட்டு இருக்க' என்றார். 'அண்ணா, போன சர்வீஸ்ல பார்த்திருப்பாங்கனு நினைச்சேன்' என்றேன், சிரித்தார். அப்புறம் திராட்டில் பாடியைக் கழற்றிக் காட்டினார், தகட்டின் ஓரம் முழுக்கத் தார் மாதிரி கரி. 350 ரூபாய் ஸ்ப்ரேயும் மெல்லிய துணியும் வைத்துத் துடைத்தார், கூலி 400. நீங்களே செய்வதாக இருந்தால் எலக்ட்ரானிக் திராட்டிலின் தகட்டை விரலால் அழுத்தித் தள்ளாதீர்கள், பல் சக்கரம் போனால் பட்ஜெட்டும் போச்சு. புதுப் பேப்பர் ஃபில்டர் 320. ஆக 1,070 ரூபாயில் வேலை முடிந்தது.

பலன் கையோடு தெரிந்தது. ஐடிலிங் ஆட்டம் நின்றுவிட்டது, மிதித்ததும் வருகிற அந்தச் சின்னத் தயக்கம் இல்லை, 40-லிருந்து 80-க்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது. ஏற்காடு மட்டும் இன்னும் ஏற்காடுதான். மேலே சுமார் 1,500 மீட்டர், சேலத்தைவிடக் காற்று 10 சதவீதத்துக்கும் மேல் மெலிசு, காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத வண்டியில் அதை எந்த ஃபில்டரும் ஈடு கட்டாது. அதோடு இந்த இன்ஜினின் முழு இழுவை 4,000 ஆர்பிஎம்மில் வருவது, நான் வளைவில் 1,500-ல் இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நெருக்கமான வளைவில் முதல் கியருக்கு இறங்கிவிடுகிறேன், அதற்குச் செலவு இல்லை.

பருத்தி ஃபில்டரால் காசு மிச்சம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 4,300 ரூபாய்க்கு 13 பேப்பர் ஃபில்டர் வரும், 15,000 கி.மீ.க்கு ஒன்று மாற்றினாலும் கிட்டத்தட்ட 2 லட்சம் கி.மீ. ஓடலாம். இதில் கழுவுகிற கிட் விலையைச் சேர்க்கவில்லை, கழுவி நிழலில் காயும்வரை வண்டி நிற்பதையும் சேர்க்கவில்லை. எண்ணெய் கூடுதலாகப் பூசினால், ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் அதன் கம்பியில் படிந்து வேறு வம்பு. ட்ராக்கில் முழு மிதியிலேயே ஓட்டுகிறவர்கள், ரப்பர் பிடிப்பைச் சோதித்துவிட்டு நல்லதாக வாங்கலாம், அவர்கள் கணக்கு வேறு. பேப்பர் ஃபில்டரிலும் போலி நிறைய வருகிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தெரிகிறதா, மடிப்புகள் நேராக இருக்கிறதா, ஓர ரப்பர் மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என்னுடைய பருத்தி ஃபில்டரை 2,000-க்குத் தள்ளிவிடலாம் என்று பரணில் வைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால் எண்ணெய் வடிந்து, கீழே இருந்த கொலு பொம்மைப் பெட்டி முழுக்கச் சிவப்புக் கறை. அம்மா இன்னும் பேசவில்லை.