பிள்ளைகளுக்கான கண் பட்டை: துணி உறையா, ஒட்டும் பட்டையா?

மகளுக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம். கண்ணாடி போட்டும் போதவில்லை. நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் மூடச் சொன்னார் டாக்டர். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இரண்டு வகையும் வாங்கினோம்.

கண்ணாடியில் மாட்டும் துணி உறை அழகுதான். ஆனால் மூக்கோரம் இடைவெளி விழுகிறது, பிள்ளை அதன் வழியே எட்டிப் பார்த்துவிடுகிறாள். அப்புறம் பயன் ஏது? 1960களில் ஹூபெல், வீசல் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, பிறகு மூளையின் பார்வைப் பகுதியில் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலானவை திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே துடித்தன. வளர்ந்த பூனைகளில் இந்த மாற்றம் வரவில்லை. இரு கண்களும் மூளையில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பின்தங்கிய கண்ணுக்கு இடம் பிடித்துத் தர, சின்ன வயதுதான் நல்ல நேரம். அந்த 2 மணி நேரம் வீணாகவே கூடாது.

அதனால் என் ஓட்டு தோலில் ஒட்டும் பட்டைக்கே. ஓரம் முழுக்கப் படிகிறது. வெளியே போனால் வியர்வையில் பசை விட்டுவிடும். ஏர்கான் அறையில், படம் வரையும்போது ஒட்டுகிறேன். கழற்றுமுன் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்தால் புருவ முடி இழுபடாது. குழந்தை அளவு என்று கேட்டு வாங்குங்கள், பெரியவர்களுடையது கன்னம் வரை வந்துவிடும்.