ஏரோஸ்பேஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கவுன்சலிங் முடியும் வரைக்கும், ஏரோநாட்டிகல், ஏரோஸ்பேஸ் என்று ஆசையோடு இருக்கும் பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் பிடிக்கிறது ஒரு கூட்டம். போன வருஷம் என் அக்கா மகள் அதில் மாட்டினாள். மதுரையில் ஒரு கன்சல்டன்சி. பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. எந்த ஊரிலும் இதே மாதிரிதான் பேசுவார்கள் என்பதால் அவர்கள் பேசியதை விவரமாக எழுதுகிறேன்.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள், அத்தான் லாரி ஓட்டுகிறார். பெண்ணுக்கு நல்ல மார்க், கவுன்சலிங்கில் ஏரோநாட்டிகல் கிடைத்துவிட்டது. அந்த அலுவலகத்தில் சுவர் முழுக்க ராக்கெட் படம், நடுவில் கலாம் ஐயா படம். "விண்வெளிப் படிப்புக்கு மட்டும் தனியா ஃபண்ட் இருக்கும்மா, வெளியில யாருக்கும் தெரியாது. ஃபைல் சார்ஜ் பதினெட்டாயிரம் கட்டிடுங்க, நாலு வருஷமும் நாங்க பாத்துக்கிறோம்" என்றாராம் அங்கே இருந்தவர். அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினாள்.

ரசீதை நான் பிறகுதான் பார்த்தேன். கார்பன் வைத்து எழுதிய சாதாரண பில் புத்தகம், நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஜிஎஸ்டி எண் இல்லை, எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் என்றும் இல்லை. பின்பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தில் 'சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது'.

பணம் கட்டியதும் "உங்களுக்குப் பொருந்தும் ஸ்காலர்ஷிப்கள்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், வயிறு எரிந்தது. முதலில் இருந்தது அமீலியா எர்ஹார்ட் ஃபெல்லோஷிப். ஸோண்டா என்ற சர்வதேச அமைப்பு தருவது, உண்மையானதுதான். ஆனால் ஏரோஸ்பேஸில் பிஎச்டி செய்யும் பெண்களுக்கு. இளநிலை முதலாண்டு மாணவிக்கு அதில் இடமே இல்லை. அடுத்தது அமெரிக்காவின் ஆஸ்ட்ரனாட் ஸ்காலர்ஷிப். அது அமெரிக்கக் குடிமக்களுக்கானது, அதுவும் அங்குள்ள பல்கலைக்கழகம் பரிந்துரைத்தால்தான். மூன்றாவது நம் மத்திய அரசின் இன்ஸ்பயர், வருஷம் 80,000 ரூபாய். இயற்பியல், வேதியியல், கணிதம் மாதிரி அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு அது; பி.இ.க்குக் கிடையாது. தாளில் இருந்த பெயர்கள் எல்லாம் நிஜம், ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தாது. பெயரை இணையத்தில் தேடினால் வருகிறது, நம்பிக்கை வந்துவிடுகிறது. யாருக்குத் தருகிறார்கள் என்ற வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அவளுக்கு உண்மையிலேயே பொருந்தியது, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்லூரி ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். விண்ணப்பிப்பது தேசிய உதவித்தொகைத் தளத்தில், ஒரு பைசா கட்டணம் கிடையாது. இந்தப் பெயரே அவர்கள் தாளில் இல்லை. இலவசமாகக் கிடைப்பதைச் சொன்னால் பதினெட்டாயிரம் எப்படிக் கேட்பது?

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று செய்தார்கள். அந்தத் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஆதாரை வைத்து ஒரே ஒரு முறை பதிவு, அதுதான் ஓடிஆர் எண். பிள்ளையை அலுவலகத்திலேயே உட்கார வைத்து முகத்தைக் காட்டச் சொல்லிப் பதிவை முடித்தவர்கள், செல்போன் எண் என்ற இடத்தில் தங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். விண்ணப்பம் எதையும் போடவில்லை. "ஃபைல் டெல்லியில இருக்கு" என்று மாதக்கணக்கில் ஒரே பதில். கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் நோடல் அலுவலர் கேட்ட பிறகுதான் பெண்ணுக்கே சந்தேகம் வந்தது. "மாமா, புதுசா பதிவு பண்ணப் போனா ஏற்கெனவே பதிவு இருக்குன்னு வருது" என்று எனக்கு போன் செய்தாள். ஓடிபி போவது அவர்கள் போனுக்கு. கேட்டால், எண்ணை மாற்றித் தர இன்னொரு ஐயாயிரம் வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசித் தேதி போய்விட்டது.

பிரகதிக்கு முதலாண்டில் சேரும்போதுதான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரிக்காரர்களுக்கு இரண்டாம் ஆண்டு. பிறகு வருஷா வருஷம் புதுப்பிப்பதுதான். மார்க் அடிப்படையில் தேர்வு என்பதால் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு 2 லட்ச ரூபாய் கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பு, கேட்டுப் பார்க்கும் உரிமைகூட இல்லாமல் போனது. பதினெட்டாயிரத்தைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

கேள்வி கேட்டபோது அவர்கள் காட்டிய ஒரே 'சாதனை' கல்லூரிக் கட்டண ரசீது. "பாருங்க சார், ட்யூஷன் ஃபீஸ் குறைஞ்சிருக்கே, நாங்க வாங்கிக் கொடுத்ததுதான்." அது முதல் பட்டதாரி சலுகை. இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கி அக்காவே கவுன்சலிங்கில் ஏற்றியது, தமிழக அரசு தருவது.

பக்கத்துத் தெருப் பையனிடம் இவர்களே திருவனந்தபுரம் ஐஐஎஸ்டியில் (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) 'இஸ்ரோ கோட்டா' சீட் என்று லட்சக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். விண்வெளித் துறையின் கீழ் 2007இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பி.டெக். சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க்கை வைத்துத்தான். மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று அங்கே கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இஸ்ரோவின் யுவிகா பயிற்சிக்கும் பணம் கேட்கிறார்களாம். அதற்குப் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோவே ஏற்கிறது.

இந்த வருஷம் சேர்பவர்கள் பதிவைத் தாங்களே செய்யுங்கள். செல்போன் எண் வீட்டில் உள்ளவருடையதாக இருக்கட்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், போர்டு தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு மத்தியத் துறை உதவித்தொகையும் இருக்கிறது; முதல் மூன்று வருஷம் 12,000, நாலாவது வருஷம் 20,000. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது கல்லூரியின் நோடல் அலுவலர். சேர்ந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். நடுவில் எந்த ஏஜென்டுக்கும் அங்கே வேலை இல்லை.

எங்கள் புகார் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. செல்போன் எண்ணை மாற்றி வைத்த விவகாரத்தை சைபர் கிரைமிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீல ஸ்டாம்ப் அடித்த இதே மாதிரி ரசீது உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். 1915க்கு போன் செய்து நுகர்வோர் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930.