கழுத்துத் தண்டுவட அறுவையில் நியூரோ மானிட்டரிங்: பில்லில் முளைத்த ஒரு வரி

கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தியதால், 63 வயதான என் தந்தையாருக்குச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போனது. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பின்கழுத்து வழியாக அவருக்கு அறுவை செய்தார்கள். முன்கூட்டித் தந்த உத்தேசச் செலவுக் கணக்கில் இல்லாத ‘நியூரோ மானிட்டரிங்’ என்ற தொகை, வீடு திரும்பும் நாளில் பில்லில் தனி வரியாக முளைத்திருந்தது. அறுவையின்போது தண்டுவடமும் நரம்புகளும் சரியாக இயங்குகின்றனவா என்று கருவியால் கண்காணிக்கும் அந்தச் சேவையைப் பற்றியதே இம்மதிப்பீடு.

கருவியை இயக்கியவர் மருத்துவமனை ஊழியர் அல்லர். வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த இளைஞர். முந்தைய நாள் மாலையே வார்டுக்கு வந்து, "தூங்கின பிறகுதான் ஊசி போடுவோம் ஐயா, உங்களுக்குத் தெரியாது" என்று தந்தையாரிடம் சொன்னதோடு நில்லாமல், என் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் உள்ள நரம்புகளை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, அது தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேருவதை உச்சந்தலையில் பதிவுசெய்வது ஒரு வகை. தலையில் தூண்டி, கை கால் தசைகள் அசைவதைப் பதிவுசெய்வது மற்றொரு வகை. முதலாவது தண்டுவடத்தின் பின்பகுதியில் ஓடும் உணர்வுப் பாதையையே காட்டுகிறது. அசைவுக்கான பாதை கெட்டாலும் முதல் வகைப் பதிவு சரியாகவே தெரியக்கூடும் என்பதால், இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் உண்டு. இவ்வசதிகள் பரவுவதற்கு முன், 1973-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஸ்டாக்னாராவின் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, அறுவையின் நடுவே நோயாளியை அரைகுறையாக எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வார்கள்.

மயக்க மருத்துவரின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் இக்கருவி வெறும் அலங்காரம்தான். முகர வைக்கும் மயக்க வாயுக்கள் தசைப் பதிவை மங்கச் செய்யும். தசைத் தளர்ச்சி மருந்து தொடர்ந்து செலுத்தப்பட்டால் பதிவே வராது. தந்தையாருக்கு வாயுவுக்குப் பதிலாக புரொபோஃபால் என்ற மயக்க மருந்தை இரத்தக் குழாய் வழியாகவே செலுத்தியிருந்தார்கள்.

கேட்டு வாங்கிய அறிக்கையின் நான்காம் பக்கத்தில்தான் இச்சேவையின் மதிப்பு எனக்குப் புரிந்தது. குப்புறப் படுக்க வைப்பதற்கு முன்பும் பின்பும் அடிப்படைப் பதிவு எடுத்திருந்தார்கள். நோயின் காரணமாகக் கால்களிலிருந்து பதிவான அலைகள் தொடக்கத்திலேயே சிறுத்திருந்ததையும் மறைக்காமல் குறித்திருந்தார்கள். 11:42-க்கு இரண்டு கால்களிலும் தசை அலை ஏறத்தாழ மறைந்திருக்கிறது. உடனே அறுவையை நிறுத்தி, ஒயர்களைச் சரிபார்த்து, சராசரி இரத்த அழுத்தத்தை 62-இலிருந்து 88-க்கு உயர்த்தியிருக்கிறார்கள். பதினான்கு நிமிடத்தில் அலை திரும்பியிருக்கிறது. திரையைப் பார்த்தவர் சொன்னதும், கேட்டவர் கத்தியைக் கீழே வைத்ததும்தான் இங்கே முக்கியம்.

இச்சேவைக்கு எல்லைகளும் உண்டு. அலைகள் ஒழுங்காக இருந்தும் சில நாள் கழித்துத் தோள் தூக்க முடியாமல் போகலாம் என்று அறுவை மருத்துவரே எச்சரித்திருந்தார். மேலும், பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதலிரண்டு எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே செய்யும் எளிய டிஸ்க் அறுவைக்கும் இதை வழக்கமாகச் சேர்த்தால் காரணம் கேட்பது நியாயமே.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. தலைத் தூண்டலின்போது தாடை இறுகும். அதற்காகப் பற்களுக்கிடையே துணிச்சுருள் வைத்திருந்தும் தந்தையாரின் நாக்கோரம் கடிபட்டு, இரண்டு நாள் ரசஞ்சாதம்கூட எரிந்தது. இப்படி நேரலாம் என்று யாரும் முன்பே சொல்லவில்லை. அறிக்கையையும் மூன்று முறை கேட்ட பிறகே தந்தார்கள். கட்டணத்தை ஒளித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் மறுக்காமல் கட்டியிருப்பேன். செலவுக் கணக்கில் இல்லை என்று காட்டிக் காப்பீட்டு நிறுவனம் அத்தொகையைத் தள்ளிவிட்டது. அந்த நான்காம் பக்கத்தின் நகலை இணைத்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன்.